கூழும் பளிங்கு மேசையும்

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓரங்களிலும் பெருநகரங்களிலும் ஒரு வகை உணவகம் பெருகிவருகிறது. முகப்பில் ஓலைக் கூரை, உள்ளே மண் பூசிய சுவர், மூலையில் உரலும் திருகையும், மேலே தொங்கும் அரிக்கேன் விளக்குக்குள் மின்பல்பு. மண்சட்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு வரும், சின்னக் கலயத்தில் கம்மங்கூழ் வரும், கூடவே மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட வசதியான மேசைகள். இத்தாலிய நாட்டுப்புறச் சமையல் விற்கும் விடுதிகளுக்கு உலகமெங்கும் இருக்கிற மவுசுக்கு இது நம்மூர்ப் பதில். இங்கே பரிமாறப்படுவதில் பலவும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டின் அன்றாடச் சாப்பாடுதான். ஆனால் அந்தச் சாப்பாட்டையும் அந்த மேசையையும் சேர்த்துவைத்திருப்பது வரலாற்றில் இதுவே முதல்முறை. கம்பும் சோளமும் தின்ற காலத்தில் எதிரெதிரே உட்காரும் மேசை கரிசலில் கிடையாது. மேசை வந்தபோது கம்பும் சோளமும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. அப்படி வெளியே நிறுத்தியது நகரத்துப் பகட்டு என்று இன்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் பலசாதிக்காரர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று. அந்த விலையைக் கொடுத்து முடித்த பிறகுதான் கூழ் கலயத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். கரிசல் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். காய்ந்தால் கால் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டிச் சீமைக்கு ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். புரட்டாசியில் விதைத்தால் தை, மாசிக்குள் அறுப்பு, அதோடு சரி. தாமிரபரணிப் பாசனமெல்லாம் தெற்கே, வைப்பாறு மழை பெய்தால் ஓடும். 1901இல் கோவில்பட்டியில் அரசு அமைத்த வேளாண் ஆய்வுப் பண்ணை பருத்தி, கம்பு, சோளம் என்று மானாவாரிப் பயிர்களையே கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம் இதுதான். நெல் என்பது கண்மாய்த் தண்ணீர் வாய்த்த சில ஊர்களின் சொத்து. மற்றவர்களுக்குக் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்து, திரும்பவும் இடித்து, உலையில் போட்டுத் துழாவி இறக்க வேண்டும். உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலை மோரில் கரைத்துக் கஞ்சி. தொட்டுக்கொள்ள மிதுக்கவத்தல், சீனியவரை வத்தல், கானப்பயறுத் துவையல், வசதி இருந்தால் கருவாடு. இதில் எதுவும் எளிய சமையல் இல்லை. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்ணின் தோள்வலிமீது நின்ற சமையல் அது. நெல்லுச்சோறும் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்துபோன விருந்தாளிகள்.

சாப்பிட்ட விதம் இன்னும் முக்கியம். வீட்டில் ஆண்கள் முதலில், பிள்ளைகள் பிறகு, சமைத்தவள் கடைசியில், மிச்சம் இருந்தால். புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது பெரியவர்கள் முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். காட்டில் உழுகிறவனுக்குக் கஞ்சிக் கலயத்தைத் தலையில் சுமந்து போகும் பெண்ணைத் தமிழ் சினிமா காதலின் உருவமாகவே ஆக்கி வைத்திருக்கிறது. அவள் போனது கஞ்சியை ஊற்றிவிட்டுக் களையெடுக்க; படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் கடுமை. நிலமுள்ள சம்சாரி வீட்டில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்குக் கஞ்சி தொழுவத்துப் பக்கம், பனையோலைப் பட்டையிலோ சிரட்டையிலோ, எட்ட நின்று ஊற்றப்பட்டது. ஆக, கம்பு எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். அதைத் தின்கிற இடமும் பாத்திரமும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. ஊர்ச் சாப்பாட்டோடு ஊரின் வரிசையும் சேர்ந்தே பரிமாறப்பட்டது.

காசு கொடுத்துச் சாப்பிடும் இடம் இந்த மண்ணுக்குப் பருத்தியோடும் ரயிலோடும் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு தட்டுப்பட, திருநெல்வேலிப் பருத்திக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் விலை ஏறியது. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது; கோவில்பட்டி அதன் மேல் ஒரு நிலையம். பஞ்சு அரைவை ஆலை, நூற்பாலை, சந்தை, பிறகு 1920களில் சிவகாசியில் தொடங்கிக் கோவில்பட்டிக்கும் பரவிய தீப்பெட்டித் தொழில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொழுது சாய வீடு திரும்ப முடியாத ஆட்கள் ஊரில் சேர்ந்தார்கள். வண்டிக்காரர், தரகர், ஆலைத் தொழிலாளி, கோர்ட்டுக்கு வந்தவர் என்று எல்லாருக்கும் ஒருவேளைச் சாப்பாடு வேண்டியிருந்தது. இதற்கு முன்னால் வழிப்போக்கருக்குச் சோறு கிடைக்கவே இல்லையா என்று கேட்கலாம். கிடைத்தது. ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளும் சத்திரங்களும் தெற்கில் பேர் பெற்றவை. ஆனால் சத்திரம் தர்மம். தருகிறவர் யாருக்கு, எந்தத் திண்ணையில், எந்தப் பந்தியில் என்று தீர்மானித்தார். சாப்பிடுகிறவருக்குக் கேட்கும் உரிமை கிடையாது. கிளப்புக் கடை என்று அழைக்கப்பட்ட ஓட்டல்தான் முதன்முதலாக அந்த உரிமையைக் காசுக்கு விற்றது.

அதுவும் உடனே எல்லாருக்கும் விற்கவில்லை. தொடக்கக் காலக் காப்பி கிளப்புகளில் ‘பிராமணாள்’ என்றும் ‘சைவாள்’ என்றும் பலகை தொங்கியது. ஒரே கடைக்குள் தனித்தனி இடங்கள் இருந்தன. பலருக்கு உள்ளே வரவே வழியில்லை. கோவில்பட்டியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கழுகுமலையில் 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத்தின்போது நாடார்கள் தேரோடும் வீதியில் ஊர்வலம் போகலாமா என்பதற்கே கொலை விழுந்தது. 1899இல் நாடார்களைக் குறிவைத்த சிவகாசிக் கொள்ளை. தெருவில் நடப்பதற்கு இவ்வளவு ரத்தம் சிந்திய சீமையில், ஒரு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது சின்ன விஷயமாக இருந்திருக்க முடியாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு சுயமரியாதை இயக்கத்தின் நெடுநாள் கண்டனத்துக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. உணவு விடுதிக்குள் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்று 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு எழுதியே வைத்தது. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955இல் வந்தது. அதற்குப் பிறகும் 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தவறாமல் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது. உணவகம் என்ற இடத்தின் வரலாற்றில் பாதி, அதற்குள் யார் உட்காரலாம் என்ற சண்டையின் வரலாறு.

இந்தச் சண்டை நடந்த இடத்தில் இலையில் என்ன இருந்தது என்று பாருங்கள். இட்லி, தோசை, வடை, அரிசிச் சாப்பாடு, காப்பி. பிறகு பரோட்டா, சால்னா. கரிசலில் விளைந்த கம்பு ஒரு கரண்டிகூட இல்லை. பளிங்கு பதித்த மேசையும் சுவரில் கண்ணாடியும் பித்தளை டவராவும் கரிசல் வீட்டில் இல்லாத பொருட்கள்; அவை வீட்டைப் போல இல்லாதிருப்பதுதான் அவற்றின் வேலை. கம்பு என்று சொன்னால் எந்தத் தெரு, எத்தனை குறுக்கம் நிலம், யார் வீட்டுக் கூலி என்று கூடவே சொல்லிவிட்ட மாதிரி. கம்மஞ்சோற்றைக் கண்டதும் அதைத் தின்கிற வரிசையும் ஞாபகத்துக்கு வரும். தோசைக்கு அந்தத் தொல்லை இல்லை. பண்டிகை நாளில் மட்டும் எல்லார் வீட்டிலும் எட்டிப் பார்த்த பண்டம், எந்த நாளும் அரையணாவோ ஓரணாவோ கொடுத்தால் எவருக்கும் ஒரே மாதிரி வட்டமாக வரும். வெள்ளைச் சோறு ஆசைப்பட்ட சோறு என்பது உண்மை. அதைவிட முக்கியம், அது ஊரின் ஏணிப்படியில் எந்தப் படியையும் சேராத சோறு. தீப்பெட்டி ஆபீஸில் வாரக் கூலி வாங்கியவன் சனிக்கிழமை ராத்திரி கோவில்பட்டியில் பரோட்டா பிய்த்துப்போட்டுச் சாப்பிடும்போது அவனுக்குக் கிடைத்தது மைதாவின் ருசி மட்டுமல்ல. பக்கத்து மேசைக்காரனுக்கு வந்த அதே தட்டு தனக்கும் வருகிறது என்பதும்தான்.

பெண்கள் இந்தப் பந்திக்கு வந்து சேர இன்னும் பிந்தியது. நெடுங்காலம் ஓட்டல் என்பது ஆண்கள் இடம். தனியாக வந்த பெண்ணை ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு ‘ஃபேமிலி ரூம்’ வந்தது. திரைச்சீலை போட்ட தடுப்பறை, உள்ளே நான்கு நாற்காலி. அதை ஒதுக்கல் என்று பழிக்கலாம். ஆனால் கரிசல் பெண்கள் பலர் கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் சாப்பிடும் அதே நேரத்தில், தான் சமைக்காத ஒன்றைச் சாப்பிட்டது முதன்முதலாக அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்திருக்கும். ஜவுளி எடுக்க வந்த நாள், கழுகுமலைக்கோ திருச்செந்தூருக்கோ நேர்ச்சைக்குப் போய்த் திரும்பும் நாள், சினிமா பார்த்த நாள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே சாப்பிடும் காதல் சாப்பாடு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இந்தச் சீமையில் அது புளித்த சாம்பார் வாடையும் சுழலும் மின்விசிறியும் உள்ள தடுப்பறையில் பிறந்தது. தோப்பிலும் இல்லை, களத்துமேட்டிலும் இல்லை.

இது கரிசலுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை என்பதற்கு இத்தாலியே சாட்சி. இன்று உலகம் முழுக்க நாட்டுப்புற இத்தாலியின் அடையாளமாக விற்கப்படும் பொலெந்தா, மக்காச்சோள மாவுக் களி. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பிறகு வெனட்டோ, லொம்பார்டி சமவெளிகளின் ஏழைக் குடியானவர்கள் வருடம் முழுதும் ஏறத்தாழ அதையே தின்று கிடந்தார்கள். விளைவு பெலாக்ரா: தோல் வெடித்து, வயிறு கெட்டு, முற்றினால் சித்தம் கலங்கும் நோய். மிலானைச் சேர்ந்த மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்பொல்லி 1771இல் அதற்கு அந்தப் பெயரை எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது வடஇத்தாலியை ஆட்டிப்படைத்தது. 1891இல் பெல்லெக்ரினோ அர்துசி தன் சொந்தச் செலவில் அச்சிட்டு, பிறகு வீட்டுக்கு வீடு புகுந்த சமையல் நூல், அந்தக் குடியானவர்களுக்காக அல்ல, நகரத்து நடுத்தர வர்க்கத்தின் அடுப்புக்காக எழுதப்பட்டது. தஸ்கனியில் விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்த வாரக்குடிகள் 1950களிலும் 60களிலும் தொழிற்சாலைகளுக்குப் போக, கல் வீடுகள் காலியாகக் கிடந்தன. புதிய வாரச் சாகுபடி ஒப்பந்தத்தை 1964இல் சட்டம் தடுத்தது. 1985இல் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கும் தொழிலுக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். மறு ஆண்டு ரோமின் ஸ்பானியச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியில், கார்லோ பெத்ரீனி நடத்திய மெதுஉணவு இயக்கம் தலையெடுத்தது. மெழுகுவத்தி ஏற்றிய கல் வீட்டில் வைன் கிண்ணத்தோடு பொலெந்தா தின்கிற இன்பம், அந்த வீட்டில் பொலெந்தா மட்டுமே தின்றவர்கள் வெளியேறிய பிறகு கிடைத்த இன்பம். இங்கே தக்காண மேட்டுநிலத்தில் சோளச்சோற்றையே நம்பியிருந்த ஏழைகளிடம் அதே பெலாக்ராவைக் கண்ட ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி.கோபாலனும் எஸ்.ஜி.ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சோளம் கெட்ட தானியம் என்பதல்ல அதன் பொருள். வேறு எதுவும் வாய்க்காமல் ஒன்றையே தின்பது கெடுதல்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கம்பும் குதிரைவாலியும் வெறும் வறுமையின் சாப்பாடா? இடைசெவல்காரர்களான கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் தொடங்கிக் கரிசல் எழுத்தாளர்கள் அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதில் இத்தனை நாக்கு ருசி எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்விதான். புதுக்கம்பின் மணத்தையும் மிதுக்கவத்தலின் கசப்பையும் அறிந்தவர்கள் அவற்றை இழிவாக நினைக்கவில்லை. ருசிக்கு வறுமை தடையில்லை. ஆனால் அந்த எழுத்தாளர்களே மறுபக்கத்தையும் எழுதினார்கள். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதை தீபாவளி நாளில் ஏழை வீட்டுக்குள் நிற்கிறது. அங்கே பண்டிகையின் பளபளப்பை யாரால் எந்த அளவுக்கு எட்ட முடியும் என்பதுதான் வலி. ஒரு சாப்பாட்டை ரசிப்பதும் அதிலிருந்து விலக ஆசைப்படுவதும் ஒரே ஆளுக்குள் இருக்கக்கூடியவை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு: 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அது இந்த மண்ணின் கடலையும் வெல்லப் பாகும்தானே, ஊர்ப் பண்டம் கடைத்தெருவில் ஜெயிக்கவில்லையா? ஜெயித்தது. ஆனால் அது நின்றபடி கடித்துவிட்டுப் போகிற பண்டம். யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கம்பைத் துரத்தியது ஓட்டலும் இல்லை, மக்களின் ஆசையும் இல்லை, அரசாங்கம்தான் என்பார்கள். காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கிவைத்தது இதே எட்டயபுரத்தில். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். மலிவாக அரிசி கொட்டிய பிறகு உலக்கையை எடுப்பார் யார்? இந்த வாதத்தில் உண்மை நிறைய இருக்கிறது, ஆனால் காலவரிசை இதற்கு ஒத்துவரவில்லை. படி அரிசிக்கு வெகு முன்பே, காப்பி கிளப் தொடங்கிய நாளிலேயே, கம்புக்கு அங்கே இடமில்லை. மலிவு விலை அரிசிக்கு ஓட்டு விழுந்ததே அது ஏற்கெனவே ஆசைப்பட்ட சோறாக இருந்ததால்தான். மேலும் மதிய உணவுக் கூடம், கிளப்புக் கடை செய்த அதே காரியத்தைப் பிள்ளைகளுக்குச் செய்தது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில், ஒரே அண்டாச் சோற்றை. பல ஊர்களில் அதற்கும் எதிர்ப்பு வந்தது என்பது அந்தக் காரியம் சாதாரணமானதல்ல என்பதற்கே சான்று.

ஓட்டல் சமத்துவத்தைக் கொண்டுவந்தது என்பதையே மறுக்கிறவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் தென்மாவட்டக் கிராமத்து டீக்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தனிக்குவளை என்ற இரட்டைக் குவளை முறை இருந்ததே? இருந்தது. எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டீ ஆற்றுகிறவனுக்கு வந்தவனின் அப்பன் பேரும் தெருவும் தெரிந்த இடத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அதைக் கட்டிக்காப்பது கஷ்டம். கூட்டம் யாரையும் அடையாளம் காண விடுவதில்லை. ஊர்த்தன்மை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு குவளையும் ஒன்றானது. கிராமத்தைக் கண்டு இன்று நாம் உருகுகிற எளிமையும் நெருக்கமும், ஒருவரை ஒருவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருப்பதும்தான் அந்தத் தனிக்குவளையையும் தாங்கிப் பிடித்தன. மண்சுவர் உணவகம் அந்த நெருக்கத்தை விற்கவில்லை. அதன் சாயலை மட்டும் விற்கிறது. விற்பதில் தவறொன்றும் இல்லை. அங்கே கூழ் குடிப்பவரை எந்தத் தெரு என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பதால்தான் கூழ் இன்று தைரியமாக மேசைக்கு வந்திருக்கிறது.

வந்ததற்கு இன்னொரு காரணம் இயந்திரம். குதிரைவாலியும் வரகும் உமி நீக்குவதற்குப் படாதபாடு படுத்தும் தானியங்கள். இப்போது அதை ஆலை செய்கிறது, உலக்கை சுவரில் அலங்காரமாகச் சாய்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் விளம்பரம் கூடியது. ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசமாக வரும் ஊரில் கடைக் குதிரைவாலி அரிசியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் உளுந்து, பாசிப்பயறோடு போட்டிபோட்டுப் பரவியிருப்பது மக்காச்சோளம். 2018இல் படைப்புழு வந்து கதிரைத் தின்று தீர்த்த பிறகும் சம்சாரிகள் அதை விடவில்லை. கம்பை விட நிச்சயமான சந்தை அதற்கு இருக்கிறது. வடஇத்தாலியக் குடியானவனை நோயாளியாக்கிய அந்தத் தானியத்தை இங்கே யாரும் களி கிண்டவில்லை. அது லாரி ஏறிக் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகிறது.